உங்களுக்குத் தெரியுமா? அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

வழக்கமாக இந்தப் பக்கத்தின் கேள்வி உங்களைப் பார்த்து வரும். இந்த முறை அதை ஆலை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம். ஆற்றைக் கெடுத்தவர்களுக்கும், புகையை மறைத்தவர்களுக்கும், விரிசல் விட்ட கட்டடத்துக்குள் ஆளை அனுப்பியவர்களுக்கும் விஷயம் தெரியுமா? பெரும்பாலும் நமக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. தெரிந்த பிறகு என்ன செய்தார்கள், கடைசியில் எது அவர்களை அசைத்தது என்பதில்தான் கதையே இருக்கிறது.

பூனை எண் 400

ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலைக்குச் சொந்தமாக ஒரு மருத்துவமனை இருந்தது. கை கால் நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சுக் குழறி வந்த நோயாளிகளைப் பற்றி 1956 மே 1ஆம் தேதி அரசுக்குத் தகவல் கொடுத்ததே அந்த மருத்துவமனைதான். அதன் தலைமை டாக்டர் ஹஜிமே ஹொசோகாவாவுக்கு ஒரு சந்தேகம். 1959இல், ஆலையின் அசிட்டால்டிஹைடு பிரிவிலிருந்து வெளிவந்த கழிவுநீரைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400 என்று எண்ணிட்ட அந்தப் பூனைக்கு அக்டோபரில் அதே நடுக்கம், அதே தள்ளாட்டம். போய் நிர்வாகத்திடம் சொன்னார். சோதனையை நிறுத்தச் சொன்னார்கள். முடிவு வெளியே வரவில்லை.

இரண்டே மாதத்தில், டிசம்பரில், ‘சைக்ளேட்டர்’ என்ற சுத்திகரிப்பு இயந்திரத்துக்குத் திறப்பு விழா நடந்தது. நிறுவனத் தலைவர் ஒரு தம்ளர் தண்ணீரை வாங்கி, சுத்திகரித்த நீர் என்று சொல்லி, எல்லார் முன்னிலையிலும் குடித்துக் காட்டினார். தண்ணீரில் கரைந்த பாதரசத்தைப் பிரிக்கும் வேலையே அந்த இயந்திரத்துக்குக் கிடையாது. போதாக்குறைக்கு, சிக்கலான அந்தப் பிரிவின் கழிவு அதன் வழியாக வரவும் இல்லை. கழிவு 1968 வரை கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போது நின்றதும் மனம் மாறியதால் அல்ல. அந்தத் தயாரிப்பு முறை பழசாகிப் பிரிவையே மூடினார்கள். மூடிய சில மாதங்கள் கழித்து, நோய்க்குக் காரணம் ஆலைதான் என்று அரசு ஒப்புக்கொண்டது. ஹொசோகாவா 1970இல் புற்றுநோயோடு படுத்த படுக்கையாக இருந்தபடியே நீதிமன்றத்துக்குப் பூனையின் கதையைச் சொன்னார். 1973இல் நோயாளிகள் பக்கம் தீர்ப்பு வந்தது.

காயலான் கடையில் கிடைத்த சாட்சி

பாதரசம் என்றதும் கொடைக்கானல் நினைவுக்கு வராமல் போகாது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வாட்டர்டவுன் என்ற ஊரில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1980களில் கப்பலேறி மலைமேல் வந்தது. 1987இல் யூனிலீவர் குழுமத்தின் கைக்கு மாறியது. 2001 மார்ச்சில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காயலான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடைத்தன. கண்டுபிடித்துச் சொன்னது ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும்தான். அதே ஆண்டு ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவு ஏறத்தாழ 290 டன், வந்த வழியே அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. வளரும் நாட்டுக்கு வந்த குப்பை அனுப்பிய நாட்டுக்கே திரும்புவது அபூர்வத்திலும் அபூர்வம். தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பதுதான் கம்பெனி கடைசிவரை எடுத்த நிலை. ஆனாலும் 2016 மார்ச்சில், ‘மனிதாபிமான அடிப்படையில்’ என்ற முன்னொட்டோடு, 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. முந்தைய ஆண்டு சென்னைப் பாடகி சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாட்டு உலகம் முழுக்கச் சுற்றி வந்ததற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று யாரும் நம்பத் தயாரில்லை.

கையில் ஊற்றிக் காட்டியவர்

தம்ளர் தண்ணீரைக் குடித்துக் காட்டும் வித்தைக்கு முன்னோடி ஒருவர் உண்டு: தாமஸ் மிட்ஜ்லி. கார் இன்ஜின் தட்டாமல் ஓடப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று 1921இல் கண்டுபிடித்தவர். விற்கும்போது பெயரில் ஈயம் வரக் கூடாதென்று ‘எத்தில்’ என்று மட்டும் வைத்தார்கள். 1924இல் நியூஜெர்சி ஆலை ஒன்றில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்து அடுத்தடுத்து இறந்தார்கள். உடனே பத்திரிகையாளர்களைக் கூட்டிய மிட்ஜ்லி, அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவிக் காட்டி, ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். முந்தைய ஆண்டுதான் ஈய விஷம் ஏறியதற்காக அவர் நீண்ட ஓய்வில் போயிருந்தார் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000இல் நின்றது. உலகத்திலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா. ஆண்டு 2021. ஆக, ஒரு நூற்றாண்டு.

மூன்று வாரத்தில் மனமாற்றம்

அதே மிட்ஜ்லியின் இன்னொரு குழந்தை, ஃப்ரிட்ஜுக்குள் ஓடிய குளோரோஃபுளோரோ கார்பன். ஓசோன் படலத்தை அது அரிக்கும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். பெரிய தயாரிப்பாளரான டூபான்ட் கம்பெனி, ஆதாரம் உறுதியானால் தயாரிப்பை நிறுத்திவிடுகிறோம் என்று 1975இல் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது. அதன் பிறகு பத்தாண்டுக்கு மேல் ‘ஆதாரம் போதாது’ பாட்டுதான். 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும், 1988 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டர்களுக்கு ‘நிறுத்த முடியாது’ என்று கடிதம் போனது. அதே மாதம் நாசா தலைமையிலான அறிவியல் குழுவின் அறிக்கை வெளிவந்தது. மூன்று வாரத்துக்குள் அதே கம்பெனி, ‘முழுவதும் நிறுத்திவிடுகிறோம்’ என்றது.

அறிவியல் வென்றது என்று இதைச் சொல்வார்கள். பாதி உண்மை. மறுபாதி, மாற்று ரசாயனம் ஆய்வுக்கூடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. பழையதைத் தடை செய்தால்தான் புதியதை அதிக விலைக்கு விற்க முடியும். தடையும் லாபமும் ஒரே திசையில் நடந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. உலகின் அத்தனை நாடுகளும் ஏற்றுக்கொண்ட சுற்றுச்சூழல் ஒப்பந்தம் என்ற பெருமை மாண்ட்ரியலுக்குக் கிடைத்ததில் இதற்கும் பங்குண்டு.

பசுமை விருது பெற்ற புகை

2009ஆம் ஆண்டின் ‘பசுமைக் கார்’ விருதை அமெரிக்கப் பத்திரிகை ஒன்று எதற்குக் கொடுத்தது தெரியுமா? ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா டீசல் காருக்கு. காருக்குள் இருந்த மென்பொருள், தான் சோதனைச் சாலையில் ஓடுகிறதா, நிஜச் சாலையில் ஓடுகிறதா என்று மோப்பம் பிடிக்கும். சக்கரம் சுற்றுகிறது, ஆனால் ஸ்டியரிங் அசையவில்லை என்றால் சோதனை என்று பொருள். உடனே நல்ல பிள்ளையாகிவிடும். வெளியே வந்தால் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைவிட 40 மடங்கு வரை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறிய ஆய்வுக் குழு, அளவுக் கருவியைக் காருக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியா சாலைகளில் ஓட்டிப் பார்த்ததில் குட்டு உடைந்தது. அந்தக் குழுவில் ஒருவர் பெயர் அரவிந்த் திருவேங்கடம். 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு அறிவித்தபோது உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் கார்கள் கணக்கில் வந்தன. விருதும் பறிபோனது.

சட்டென்று சில

அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி எக்ஸானின் உயர் நிர்வாகிகளுக்கு அவர்கள் விஞ்ஞானியே பூமி சூடாவதைப் பற்றி விளக்கிச் சொன்ன ஆண்டு 1977. அந்தக் கம்பெனியின் பழைய வெப்பநிலைக் கணிப்புகளில் 63 முதல் 83 சதவீதம் வரை சரியாகவே இருந்தன என்று 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. இடைப்பட்ட காலத்தில் பத்திரிகைகளில் அவர்கள் காசு கொடுத்துப் போட்ட பத்திகளோ, ‘இன்னும் நிச்சயமில்லை’ என்றன.

‘உங்கள் கார்பன் தடம் எவ்வளவு?’ என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை ஊர் முழுக்கப் பரப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்? 2000களில் பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி பி.பி. நடத்திய விளம்பர இயக்கம். எண்ணெய் விற்கிறவர் மறைந்துகொள்ள, எண்ணெய் வாங்கிப் போடுகிறவர் குற்றவாளிக் கூண்டில் ஏறினார்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1996இலேயே ‘இவி1’ என்ற மின்சாரக் காரை ரோட்டில் விட்டது. விற்கவில்லை, குத்தகைக்கு மட்டும் கொடுத்தது. கலிஃபோர்னியாவின் சட்டக் கெடுபிடி தளர்ந்ததும் கார்களைத் திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டது. விலைக்குக் கொடுங்கள் என்று ஓட்டியவர்கள் கேட்டும் தரவில்லை.

துண்டும் தண்ணீரும்

சூழலைக் காப்பதாகப் போடும் வேடத்தைப் ‘பசுமைப் பூச்சு’ என்று நாம் சொல்வதன் ஆங்கில மூலச்சொல்லுக்குத் தாய்வீடு ஒரு ஹோட்டல் குளியலறை. ஃபிஜித் தீவில் ஒரு விடுதி, ‘கடலையும் பவளப் பாறையையும் காக்கத் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்’ என்று அட்டை வைத்திருந்தது. அதே விடுதி அந்தப் பக்கம் கட்டடத்தை விரித்துக்கொண்டும் இருந்தது. இதைப் பார்த்த ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்க மாணவர் 1986இல் ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லை உருவாக்கினார்.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. ஒரு மலை ஊர் விடுதியில் கண்ணாடிக்குக் கீழே ‘ஒவ்வொரு சொட்டும் உயிர்’ என்று அழகான அட்டை. ராத்திரி முழுக்க ஃப்ளஷ் டாங்க் ஒழுகிக்கொண்டே இருந்தது. காலையில் ரூம் பையனிடம் சொன்னேன். “அது ரெண்டு மாசமா அப்படித்தான் சார். அட்டை மட்டும் போன வாரம் புதுசு மாத்துனோம்” என்றான்.

சான்றிதழ் தொங்கிய சுவர்

கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலைக்கு, தொழிலாளர் நலனிலும் பாதுகாப்பிலும் தரம் பெற்றது என்று சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது 2012 ஆகஸ்டில். சில வாரங்களில், செப்டம்பர் 11ஆம் தேதி, தீப்பிடித்தது. ஜன்னல்களில் கம்பி. இறந்தவர்கள் 250க்கும் மேல்.

மறு ஆண்டு, 2013 ஏப்ரல் 23. வங்கதேசத்தின் சாவரில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல். கீழே இருந்த வங்கியும் கடைகளும் ஆட்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தின. மேல் மாடிகளின் தையல் ஆலைகளோ மறுநாள் காலை தொழிலாளர்களை உள்ளே போகச் சொன்னன. வராவிட்டால் சம்பளம் கிடையாது என்ற மிரட்டலோடு. கட்டடம் சரிந்து 1,134 பேர் இறந்தார்கள். ஒரே விரிசல்தான். வங்கிக்குத் தெரிந்தது தையல் ஆலைக்கும் தெரிந்தது. மேலே இருந்தவர்களுக்கு மட்டும் ஆர்டர் முடித்துக் கொடுக்க வேண்டிய தேதி ஒன்று இருந்தது.

அடுத்த மாதமே, ஐரோப்பிய பிராண்டுகள் பலவும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, மீறினால் வழக்குப் போடக்கூடிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் சில அதில் சேராமல் தனியாக வேறொரு கூட்டணி அமைத்துக்கொண்டன. ‘சட்டப்படி கட்டுப்படுத்தும்’ என்ற வார்த்தைதான் அவர்களுக்குத் தொண்டையில் சிக்கியது.

25 பேருக்கு ஒரு காவலாள்

திண்டுக்கல் ஒப்பந்தம் என்று ஒன்று இருப்பது திண்டுக்கல்லிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? 2021 ஜனவரியில் அந்த மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் கைதானார். பெண்களே தலைமை தாங்கும், தலித் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக உள்ள தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இதை விடவில்லை. 2022 ஏப்ரலில், ஆலை நிர்வாகம், சங்கம், அங்கிருந்து துணி வாங்கும் எச்&எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகள் வரை ஒப்பந்தத்துக்குள் வந்தன. தளத்தில் 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், சங்கத்தின் தேர்வில் கண்காணிப்பாளர்கள். மேஸ்திரி அசிங்கமாகப் பேசினால்கூட முறையிட வழி. நிர்வாகம் சொன்ன சொல்லை மீறினால், வாங்குகிற பிராண்டு அதற்கு வியாபார ரீதியில் பதில் சொல்ல வேண்டும்.

கடைசி வரிதான் முக்கியம். நல்லொழுக்க விதிமுறைகளைச் சட்டம் போட்டு மாட்டாத ஏற்றுமதி ஆலை கிடையாது. அதை மீறினால் யாருக்கு என்ன நட்டம் என்று எழுதி வைத்த ஆலைகளை விரல்விட்டு எண்ணலாம். ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் 2019இல் இதுபோல ஒன்று வந்தது. ஆசியாவில் இந்த வகையில் முன்னோடி திண்டுக்கல்.

நொய்யல் கணக்கு

வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யலின் குறுக்கே, சென்னிமலைப் பக்கம், பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். 1992இல் அது தயாரானது. அதற்குள் திருப்பூர் பனியன் தொழில் எகிறிவிட்டது. மேலே சாயப்பட்டறைகள், கீழே அணை. கொஞ்ச காலத்தில் அணையில் தேங்கியது பாசன நீரல்ல, உப்பேறிய சாயக்கழிவு. அணையைத் திறக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே போராடிய விசித்திரத்தை வேறெங்கும் கேள்விப்பட முடியாது. தென்னை கருகியது, கிணறு உப்பானது, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.

சென்னை உயர்நீதிமன்றம் அவகாசம் கொடுத்தது, பிறகும் கொடுத்தது. 2006இல் ‘ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது’ என்ற நிலையைக் கட்டாயமாக்கியது. பட்டறைக்காரர்கள் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்று சொல்வது இதைத்தான். அப்போதும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28ஆம் தேதி 700க்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் ஒரேயடியாக மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. பனியனுக்குச் சாயம் போட வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் லாரி போனது. சில பட்டறைகள் ராவோடு ராவாகப் பக்கத்து மாவட்டங்களின் வாய்க்கால் ஓரத்துக்கு இடம் பெயர்ந்தன. மாசு ஒழியவில்லை, முகவரி மாற்றிக்கொண்டது.

பிறகு நடந்ததுதான் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிற விஷயம். கழிவுநீரைச் சவ்வு வழியாக அழுத்தி வடித்து, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீட்டுப் பட்டறைக்கே திருப்பி அனுப்பினார்கள். சாயம் ஒட்டுவதற்குப் போட்ட உப்பையும் பிரித்து மறுபடி விற்றார்கள். அருள்புரம் நிலையம் உப்புக் கரைசலையே திரும்பப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கிய ஊரில், கழிவிலிருந்து வரும் தண்ணீருக்கும் உப்புக்கும் விலை இருக்கிறது என்று கணக்குப் புத்தகம் காட்டத் தொடங்கியதும் எதிர்ப்பின் சுருதி இறங்கியது.

முழு வெற்றியா? இல்லை. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கிறது. மழையில் நனையாமல் காப்பதே ஒரு வேலை. ஆவியாக்கும் கொதிகலனுக்கு விறகும் மின்சாரமும் தீனி. ஆற்றைக் காக்கக் காற்றில் கரி. ‘இந்தக் கட்டாயம் மற்ற ஊர்க்காரனுக்கு இல்லையே, அவன் விலைக்கு நான் எப்படிப் போட்டி போடுவது?’ என்று பட்டறைக்காரர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. பதில் சொல்ல வேண்டியவர்கள் டெல்லியிலும், மலிவு விலைக்குப் பேரம் பேசும் வெளிநாட்டு பிராண்டுகளிலும் இருக்கிறார்கள்.

பாலாறு தந்த சட்டம்

‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’, ‘சந்தேகம் இருந்தால் முன்னெச்சரிக்கையாகத் தடு’ – இந்த இரண்டையும் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது எந்த வழக்கில்? வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த தோல் ஆலை வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அபராதம் சிறியது. ஆனால் அன்றிலிருந்து சுற்றுச்சூழல் தீர்ப்பு எழுதுகிற நீதிபதிகள் பாலாற்றங்கரைக்கு ஒருமுறை வந்துவிட்டுத்தான் போகிறார்கள். பாலாறு அதனால் சுத்தமாகிவிடவில்லை என்பது வேறு கதை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் ராத்திரியில் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிய தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். மாசைத் தடுக்கக் கட்டியதே ஆளைக் கொன்றது.

சக்கைக்கு நிலக்கரி

டென்மார்க்கில் காலன்போர்க் என்று ஒரு சிற்றூர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வீணாகும் வாயு சுவர்ப் பலகை செய்கிற கம்பெனிக்கு; மின் நிலையத்தின் நீராவி மருந்து ஆலைக்கு; புகைபோக்கியில் சிக்கிய கந்தகம் ஜிப்சமாகி மறுபடி பலகைக் கம்பெனிக்கு. யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. சின்ன ஊர், மேனேஜர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ‘உங்களுக்கு வேண்டாததை எனக்குக் கொடுங்களேன்’ என்ற பேச்சில் 1960, 70களில் தொடங்கி ஒவ்வொன்றாக வளர்ந்தது. பெயரே பிறகுதான் வைத்தார்கள்.

கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை செய்ததும் இதே பண்டமாற்றுதான். சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையைக் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. ‘எரிக்க நாங்கள் நிலக்கரி தருகிறோம், சக்கையை எங்களுக்குக் கொடுங்கள்’ என்றது காகித ஆலை. மூங்கிலும் மரமும் அதிகம் வெட்டாமல் காகிதம். நிலக்கரி எரிவது பசுமையா என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அந்தக் காலத்துக் கவலை காட்டைப் பற்றியது. இன்றைய கவலை கரியைப் பற்றியது. ஒரே ஏற்பாட்டுக்கு இரண்டு தலைமுறை இரண்டு மதிப்பெண் போடும்.

மார்பில் பாய்ந்த ஈட்டி

சட்டமும் இல்லை, வழக்கும் இல்லை, தானாகவே மாறியவர் யாராவது உண்டா? தேடினால் ஒரு பெயர் உடனே கிடைக்கும்: ரே ஆண்டர்சன். அமெரிக்காவில் இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்புக் கம்பெனியின் நிறுவனர். விரிப்பில் இருப்பதெல்லாம் பெட்ரோலியம். 1994இல் வாடிக்கையாளர்கள், ‘சுற்றுச்சூழலுக்கு என்ன செய்கிறீர்கள்?’ என்று விற்பனையாளர்களைக் கேட்க, அவர்கள் முதலாளியைக் கேட்க, அவரிடம் பதில் இல்லை. பால் ஹாக்கன் எழுதிய புத்தகம் ஒன்று யாரோ மேஜையில் வைத்துவிட்டுப் போனதால் கைக்கு வந்தது. படித்ததும் மார்பில் ஈட்டி பாய்ந்ததுபோல இருந்தது என்று பிற்பாடு ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார். 2020க்குள் சூழலுக்குக் கெடுதல் பூஜ்யம் என்று இலக்கு வைத்தார். பங்குச் சந்தையில் தலையில் அடித்துக்கொண்டார்கள். கழிவைக் குறைக்கக் குறைக்கச் செலவும் குறைந்ததில், மற்ற மாற்றங்களுக்கு அதுவே முதலானது. பிலிப்பைன்ஸ் மீனவர்கள் வீசியெறிந்த நைலான் வலையை வாங்கி விரிப்புக்கு நூலாக்கும் ஏற்பாடுகூட உண்டு. ஆண்டர்சன் 2011இல் இறந்தார். இலக்கை எட்டிவிட்டோம் என்று கம்பெனி அறிவித்தது 2019இல்.

அவரும் முதலில் வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் புறப்பட்டார் என்பதை மறக்க வேண்டாம்.

வாங்காதே என்றால் வாங்குவார்கள்

2011 நவம்பர் 25, அமெரிக்காவில் பொருள்கள் மலிவாக விற்கும் வெள்ளிக்கிழமை. படகோனியா என்ற உடுப்புக் கம்பெனி நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப் பக்கம் எடுத்து, தன் மேலங்கியின் படத்தைப் போட்டு, இதை வாங்காதீர்கள் என்றது. ஒரு மேலங்கிக்கு 135 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கும் கீழே இருந்தது. பிறகு என்ன, விற்பனை கூடியது. இது நேர்மையா, தந்திரமா என்று வணிகக் கல்லூரிகளில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 2022இல் நிறுவனர் ஈவோன் ஷுனார்ட் தன் குடும்பப் பங்கு முழுவதையும் எழுதிக் கொடுத்தார்: வாக்குரிமை உள்ள 2 சதவீதம் ஒரு அறக்கட்டளைக்கு, மீதி 98 சதவீதம் சூழல் பணிக்கான அமைப்புக்கு. தந்திரம் என்று சொன்னவர்கள் அன்று கொஞ்சம் தடுமாறினார்கள்.

ஒரே கம்பெனிக்குள் இரண்டு முகம் இருக்கவும் செய்யும். ‘மாசைத் தடுத்தால் லாபம்’ என்று 1975இல் ஊழியர்களிடம் யோசனை கேட்டுப் பரிசு கொடுக்கத் தொடங்கியது 3எம். எல்லா மேலாண்மைப் பாடநூலிலும் அதற்கு இடம் உண்டு. ஒட்டாத, கறைபடாத பொருள்களுக்கான ‘அழியா ரசாயனங்கள்’ தன் தொழிலாளர்களின் ரத்தத்தில் ஏறியிருப்பதை அதே 1970களில் அளந்து வைத்திருந்ததும் அதே 3எம்தான். 2023இல் அமெரிக்கக் குடிநீர் அமைப்புகளுக்கு 1,030 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. பாடநூல்காரர்கள் அடுத்த பதிப்பில் என்ன செய்தார்களோ!

திரும்பப் பெறப்பட்ட தத்துவம்

கோளாறான காரைக் கம்பெனி திரும்பப் பெறும். கோளாறான கருத்தை? ‘மக்கள், பூமி, லாபம் மூன்றுக்கும் கணக்கு எழுது’ என்ற மும்மடிக் கணக்கை 1994இல் முன்வைத்தவர் ஜான் எல்கிங்டன். 2018இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில், என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று அறிவித்தார். முதலாளித்துவத்தையே மாற்ற நினைத்துச் சொன்னதை, அறிக்கையில் மூன்று பத்தி எழுதும் சடங்காக்கிவிட்டார்களே என்ற ஆதங்கம்.

நம் நாட்டில் சடங்குக்குச் சட்டமே உண்டு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி – இதில் ஒன்றைத் தொட்டாலும், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இப்படிக் கட்டாயமாக்கிய முன்னோடி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் சொந்த ஆலைக் கழிவைச் சுத்தம் செய்வதும் சொந்தத் தொழிலாளிக்கு மட்டும் வசதி செய்வதும் இந்த 2 சதவீதத்தில் சேராது. அது உன் கடமை என்கிறது விதி. சரிதான். ஆகவே ஆண்டறிக்கையில் பள்ளிச் சுவருக்கு வர்ணம் அடித்த படம் வரும். வாய்க்கால் படம் வராது.

பத்து ரூபாய் பாட்டில்

நீலகிரியில் உடைந்த மதுப் பாட்டில் குத்தி யானையின் கால் புண்ணாகிறது. சென்னை உயர்நீதிமன்றம் டாஸ்மாக்கைக் கேட்டது: காலி பாட்டிலைத் திரும்ப வாங்கக் கூடாதா? இடமில்லை, ஆளில்லை, நடக்காது என்று தொடக்கத்தில் தயக்கம். 2022 மே மாதம் நீலகிரியில் ஆரம்பித்தார்கள். பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கு, காலியைக் கொடுத்தால் 10 ரூபாயைத் திருப்பிக் கொடு. திரும்பி வந்த பாட்டில்கள் 90 சதவீதத்துக்கும் மேல். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் நீண்டது. கடை ஊழியர்கள் மட்டும் இன்னும் முனகுகிறார்கள். காலி பாட்டில் மூட்டைக்கு நடுவே நின்று வியாபாரம் செய்கிறவர்கள் அவர்கள்தானே. சோடாக் கடையில் பாட்டிலுக்கு முன்பணம் கொடுத்து வாங்கிய தலைமுறைக்கு இது புதுத் திட்டமே இல்லை.

அணையாத பல்பு

கடைசியாக, கொஞ்சம் வெளிச்சம். 1924 டிசம்பரில் ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலான பெரிய பல்புக் கம்பெனிகள் ஜெனிவாவில் கூடி, ‘ஃபீபஸ்’ என்ற பெயரில் ஒரு கூட்டு வைத்துக்கொண்டன. அதுவரை 1,500, 2,000 மணி நேரம் எரிந்த பல்பு இனி 1,000 மணி நேரம் எரிந்தால் போதும். எந்தக் கம்பெனி பல்பாவது அதற்கு மேல் எரிந்தால் கம்பெனிக்கு அபராதம்! மாதிரிகளைச் சுவிட்சர்லாந்தில் வைத்துச் சோதித்தார்கள். அதிக நாள் எரியும் பல்பு மங்கலாகவும் மின்சாரம் தின்பதாகவும் இருக்கும் என்ற தொழில்நுட்பக் காரணமும் அவர்களிடம் இருந்தது. அபராதத்துக்கு அந்தக் காரணம் போதுமா என்பதை நீங்களே சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போர் வந்து கூட்டைக் கலைத்தது.

அந்தக் கூட்டுக்கு முன்பே, 1901இல், கலிஃபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் மாட்டிய ஒரு பல்பு இன்றும் எரிகிறது. ஏதோ 4 வாட் அளவுக்கு, அகல் விளக்குபோல. இணையத்தில் எந்நேரமும் பார்க்கலாம். அதைக் காட்டுகிற கேமராதான் பழுதாகிப் பழுதாகி மாற்றப்பட்டிருக்கிறது.